கன்னிமூலைப் பல்லியும் கெட்டுப்போன ஹார்டு டிஸ்க்கும்

பெரியநாயக்கன்பாளையம்,
11.1.1997.

பெங்களூரில் ஏ.சி. அறைக்குள் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் கம்ப்யூட்டர் வைத்தியம் சொல்லும் என் அருமை மாப்பிள்ளை வெங்கடபதிக்கு, உன் அக்காவைக் கட்டிய பாவத்துக்கு உனக்குப் பாவா ஆகிப்போன நரசிம்மலு, அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொண்டது. இங்கே நான் சௌக்கியம். உன் அக்கா ராமாமணி சௌக்கியம். உன் அக்கா மகள் கோமளா சௌக்கியம். நீ போன வருஷம் கொடுத்தனுப்பிய கம்ப்யூட்டரும் சௌக்கியம். கடைசியில் எழுதிய சௌக்கியத்தை நீ இன்னொரு தரம் படிக்க வேண்டும் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். அது சௌக்கியமானதற்குக் காரணம் நீ அல்ல, நான்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் வாயைத் திறப்பதற்குள் நீ "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க பாவா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதனால் சாவகாசமாக எழுதுகிறேன், சாவகாசமாகப் படி.

நீ சொன்னபடிதான் எல்லாம் செய்தோம். ஒர்க்ஷாப்பில் தூசி, மோட்டார் பம்ப் கழட்டுகிற இடத்தில் கம்ப்யூட்டர் ஆகாது என்றாய். சரி என்று வீட்டு ஹாலில் வைத்தோம். கனமான சாமான் கன்னிமூலையில்தான் இருக்கணும் என்று உன் அக்கா சொன்னாள். அதுவரை அங்கே இருந்த டி.வி.யை நகர்த்திவிட்டுத் தென்மேற்கு மூலையை அதற்குக் கொடுத்தோம். ஆயுதபூஜைக்கு ஒர்க்ஷாப்பில் லேத்துக்கும் டிரில்லிங் மெஷினுக்கும் வைத்த கையோடு இதற்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். ஃபிளாப்பி போகிற வாய்க்குள் சந்தனம் போய்விட்டது உண்மைதான். அதைக் காந்திபுரத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் ஷேக் பரீத் பாய் வந்து தீக்குச்சியில் பஞ்சைச் சுற்றி எடுத்துவிட்டார். அதை நீ இன்னமும் சொல்லிக் காட்டுவது நியாயமில்லை.

பிறகுதான் வியாதி ஆரம்பித்தது. பி.காம். முடித்த பிள்ளை வீட்டில் சும்மா இருக்க வேண்டாம் என்று நம் கம்பெனிக் கொட்டேஷனையெல்லாம் கோமளாதான் அதில் டைப் அடிக்கிறாள். மேலே பிள்ளையார் சுழியில் தொடங்கி, குதிரைத்திறன், குழாய் சைஸ், டெலிவரி நாள் என்று எல்லாம் அடித்து, தங்கள் உண்மையுள்ள என்று முடிக்கப் போகும்போது பார்த்து அது நின்றுவிடும். மவுஸை எவ்வளவு ஆட்டினாலும் அம்பு அசையாது. சில நாள் திரை முழுக்க நீலமாகி, வெள்ளை எழுத்தில் என்னவோ மிரட்டும். ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் வரும், வந்து மறுபடி நிற்கும். உனக்குப் போன் போட்டால் வோல்டேஜ் என்றாய். ஸ்டெபிலைசர் வாங்கினேன். எர்த் சரியில்லை என்றாய். கொல்லையில் குழி வெட்டி, உப்பும் கரியும் போட்டு, கம்பி இறக்கினேன். உன் அக்கா தினமும் காலையில் துளசிக்கு ஒரு செம்பு, எர்த்துக்கு ஒரு செம்பு என்று தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். ரேம் அழுக்காக இருக்கும் என்றாய். பரீத் பாய் வந்து அதை உருவி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற ரப்பரால் தேய் தேய் என்று தேய்த்தார். "ஏனுங்க, உள்ளார எழுதி வெச்சிருக்கறது அழிஞ்சுபோகாதுங்களா?" என்று உன் அக்கா கேட்டதற்கு அந்த மனுஷன் சிரிக்காமல் பதில் சொன்னாரே, அதற்கே அவரைக் கும்பிடலாம். பவர் சப்ளை டப்பாவையும் மாற்றிப் பார்த்தார். ஹார்டு டிஸ்க்கைப் பார்க்கட்டுமா என்று அவர் கேட்டபோது நீதான் போனில், "அது மேல மட்டும் கை வெக்காதீங்க பாவா, அது புத்தம் புதுசு, நானே போட்டது" என்றாய். சரி, போட்டவனே சொல்கிறானே என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

கடைசியில் ஒரு வார்த்தை சொன்னாய் பார், "மெஷின் மேல தப்பு இல்லைங்க பாவா, உங்களுக்குக் கை பழகலை" என்று. மீசை முளைக்கிறதுக்கு முன்னால இருந்து மோட்டார் கழட்டி மாட்டுகிறவன் நான். கோயமுத்தூர் ஜில்லாவில் பாதிக் கிணற்றில் என் கை பட்ட பம்ப் தண்ணி எடுக்கிறது. எனக்கா கை பழகலை? அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கலை மாப்பிள்ளை.

இது ஒரு பக்கம் இருக்க, ஹாலில் ஒரு பல்லி குடிவந்தது. வந்தது என்றால் யாரும் கண்ணால் பார்க்கவில்லை, காதால் கேட்டதுதான். சாயங்காலம் ஒர்க்ஷாப்பில் லேத் நின்று, கோமளா டைப் அடிக்க, மற்றவர்கள் ஹாலில் உட்கார்ந்து எதையாவது பேச ஆரம்பித்தால், கன்னிமூலையிலிருந்து டிக், டிக், டிக் என்று சொல்லும். உன் அக்கா உடனே விரலால் தரையைத் தட்டிவிட்டு, பஞ்சாங்கத்தை எடுத்துப் பலன் பார்ப்பாள். கன்னிமூலையில் வெள்ளிக்கிழமை சொன்னால் லாபம், ஞாயிற்றுக்கிழமை சொன்னால் கலகம், இப்படி ஒவ்வொரு கிழமைக்கும் ஒன்று. துடியலூரில் ஒரு சைட் வந்தது, நல்ல கார்னர் சைட். பேசிக்கொண்டிருக்கும்போது பல்லி சொன்னது, ஞாயிற்றுக்கிழமை, விட்டோம். எதிர்வீட்டுத் தம்பிதுரை ரெண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே போர்வெல் போட்டுக்கலாம் என்று வந்தார். பல்லி சொன்னது, அதுவும் ஞாயிற்றுக்கிழமை, அவரையும் காப்பி கொடுத்து அனுப்பிவைத்தோம். அன்றையிலிருந்து அவர் என்னைப் பார்த்தால் வானத்தைப் பார்க்கிறார். குடும்பத்தலைவன் என்று வெளியே போர்டில்தான் என் பெயர் இருக்கிறது, உள்ளே நிர்வாகம் பல்லிதான்.

இந்த நேரத்தில்தான் நீ பார்த்துச் சொன்ன சத்தியமங்கலத்து வரன். வரதராஜுலுவும் அவர் சம்சாரமும் பையன் ஜெகந்நாதனோடு கார்த்திகை முடிய ஒரு வாரம் இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தது உனக்குத் தெரியும். வந்தவர்கள் போனார்கள், அப்புறம் தகவல் இல்லை என்பது வரைக்கும் உனக்குத் தெரியும். நடுவில் நடந்ததை உன் அக்கா உனக்குச் சொல்லவில்லை, என்னையும் சொல்லவிடவில்லை. இப்போது சொல்கிறேன்.

வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று கம்ப்யூட்டரை ஆன் பண்ணி வைத்திருந்தோம். கோமளா அதில் வெல்கம் என்று இங்கிலீஷில் கலர் எழுத்து இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஓடுகிற மாதிரி செய்திருந்தாள். வரதராஜுலு அதை வெகுவாக ரசித்தார். கோமளா காப்பி கொண்டுவந்தாள். அந்தப் பையன், "எந்த சாஃப்ட்வேர்ல டைப் பண்றீங்க?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டான். அவளும் சொன்னாள். அவன் தலையை ஆட்டினான். அவ்வளவுதான் பேச்சு, ஆனால் ரெண்டு பேர் முகத்தையும் பார்த்த எனக்குத் தெரிந்துவிட்டது. வரதராஜுலு துண்டைச் சரிசெய்துகொண்டு, "எங்களுக்குப் புள்ளையப் புடிச்சுப்போச்சுங்க. தையில வெச்சுக்கலாமுங்களா?" என்றார்.

டிக், டிக், டிக்.

உன் அக்கா முகத்தில் ரத்தம் இல்லை. அந்தம்மா, அதுதான் வரதராஜுலு சம்சாரம், டம்ளரை வாய்கிட்டக் கொண்டுபோனவர் அப்படியே கீழே வைத்தார். விரலால் தரையைத் தட்டினார். கன்னிமூலையைப் பார்த்தார், புருஷனைப் பார்த்தார், எழுந்து நின்றுவிட்டார். "நாங்க போயிட்டுச் சொல்லிவுடறமுங்க" என்றார். தட்டில் வைத்த பஜ்ஜி வைத்தபடி இருக்க, கார் கிளம்பிவிட்டது. அவர்கள் போன பிறகு பார்த்தால், ஓடிக்கொண்டிருந்த வெல்கம் பாதி எழுத்தோடு திரை ஓரத்தில் நின்றிருந்தது. வழக்கமான வியாதிதானே என்று அதை அப்போது நான் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதற்கப்புறம் மார்கழி பிறந்துவிட்டது. மார்கழியில் யாரும் சம்பந்தம் பேச மாட்டார்கள், தெரியும். ஆனால் மார்கழி பிறக்க நடுவில் நாள் இருந்ததே, ஒரு போன் பண்ணியிருக்கலாமே என்று உன் அக்கா அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். கோமளா அழவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. எப்போதும் போல டைப் அடித்தாள், எப்போதும் போல சாப்பிட்டாள். கொட்டேஷனில் சத்தியமங்கலம் என்று அட்ரஸ் வந்தால் மட்டும் தப்பாக அடித்தாள். அடித்ததை அழித்து மறுபடி தப்பாக அடித்தாள். பெத்தவனுக்கு அதுக்கு மேல என்ன வேணும் சொல்லு.

நான் பல்லி மேல் போர் தொடுத்தேன். முட்டை ஓட்டை நூலில் கட்டித் தொங்கவிட்டேன். மயிலிறகு வாங்கிச் சொருகினேன். ஸ்டூல் போட்டு ஏறி, டார்ச் அடித்து, கம்ப்யூட்டருக்குப் பின்னால், டியூப்லைட் பட்டிக்குப் பின்னால், சாமி படத்துக்குப் பின்னால் எல்லாம் தேடினேன். "அடிச்சுகிடிச்சுப் போடாதீங்க, அது பெரிய பாவமுங்க" என்று கீழே உன் அக்கா. அடிக்கிறதுக்கு அது கண்ணில் பட வேண்டாமா? கடைசியில், "ஏனுங்க, கொஞ்சம் சமையக்கட்டுப் பக்கம் போய் இருந்துக்கங்க, ஒரு கல்யாணக் காரியம் இருக்குதுங்க" என்று மூலையைப் பார்த்து மரியாதையாகவே கேட்டும் பார்த்தேன். டிக், டிக் என்றது.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் அதே மூலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோமளா டைப் அடித்துக்கொண்டிருந்தாள். டிக், டிக், டிக் என்றது. உடனே கோமளா, "அப்பா, மறுபடி நின்னுபோச்சுங்கப்பா" என்றாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன் மாப்பிள்ளை. அன்றைக்கும் இப்படித்தானே? பல்லி சொன்னது, வெல்கம் நின்றது. அதுக்கு முன்னாடி? அதுக்கும் முன்னாடி? பல்லி சொல்லி இது நிற்கிறதா, இது நிற்கப் போவதால் பல்லி சொல்கிறதா? பல்லிக்கும் கொட்டேஷனுக்கும் என்ன விரோதம்?

ஒர்க்ஷாப்புக்குப் போய் நீளமான ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவந்தேன். மோட்டாரில் பேரிங் போச்சா என்று பார்க்க நாங்கள் என்ன செய்வோம் என்று சின்ன வயசில் ஒர்க்ஷாப்பில் விளையாடிய உனக்கு ஞாபகம் இருக்கும். நுனியை பாடியில் வைத்து, மரப்பிடியைக் காதில் வைத்தால், உள்ளே நடக்கிறதெல்லாம் காதுக்குள் வந்து பேசும். முதலில் டி.வி. மாதிரி இருக்கிறதே, அதில் வைத்தேன். சும்மா இருந்தது. பிரிண்டரில் வைத்தேன். அதுவும் சும்மா. கீழே இருக்கிற பெட்டியில் வைத்தேன். ஃபேன் ஓடுகிற சத்தம். இன்னும் கொஞ்சம் கீழே இறக்கினேன். அங்கே உட்கார்ந்திருந்தது மாப்பிள்ளை நம் பல்லி. ஏதோ ஒன்று எட்டிப் பிடிக்கப் பார்த்து, பிடிக்க முடியாமல் திரும்ப வந்து இடிக்கிற சத்தம். டிக், டிக், டிக். "ராமாமணி, பல்லியப் புடிச்சுப்போட்டேன்" என்று நான் போட்ட சத்தத்தில் அவள் கரண்டியோடு ஓடிவந்தாள். காதில் ஸ்க்ரூ டிரைவரை வைத்துக்கொண்டு தரையில் படுத்திருந்த புருஷனைப் பார்த்து முதலில் பயந்துவிட்டாள்.

மறுநாள் பரீத் பாய் வந்தார். அவர் வருவதெல்லாம் பகலில், லேத் ஓடுகிற நேரத்தில். அதனால்தான் அவர் காதில் இத்தனை நாள் அது விழவேயில்லை. நான் ஒர்க்ஷாப் மெயினையே ஆஃப் பண்ணச் சொன்னேன். ஆட்களெல்லாம் யாராவது செத்துவிட்டார்களா என்று கேட்டார்கள். அந்த அமைதியில் பரீத் பாய் என் ஸ்க்ரூ டிரைவரை வாங்கிக் காதில் வைத்துக் கேட்டார். "அண்ணா, இது ஹார்டு டிஸ்க்குங்க. வெங்கடபதி சார் புதுசுன்னாரேன்னு நான் தொடாமயே விட்டுப்போட்டனுங்க" என்றார். அப்புறம் ஒரு டெஸ்ட் ஓடவிட்டார். திரை முழுக்கக் கட்டம் கட்டமாக வந்து, நடுவில் சிவப்பில் பி, பி, பி என்று விழுந்துகொண்டே போனது. "இதெல்லாம் கெட்டுப்போன எடமுங்க. அந்த எடத்தைப் படிக்கப் போறப்பத்தான் சத்தம் குடுக்குது, படிக்க முடியாம நின்னுபோகுது" என்றார். புத்தம் புது டிஸ்க் மாப்பிள்ளை. நீயே போட்டது. கொட்டேஷனையெல்லாம் ஃபிளாப்பியில் எடுத்து வைத்துவிட்டு வேறு டிஸ்க் போட்டார். அன்றையிலிருந்து இன்றுவரை ஒரு தடவை நிற்கவில்லை, ஒரு பல்லி சொல்லவில்லை.

உன் அக்கா மட்டும் நம்பவில்லை. சரி என்று பரீத் பாயைப் பழைய டிஸ்க்கையும் ஒயரில் மாட்டி மேஜைமேல் வைக்கச் சொன்னேன். எல்லாரையும் ஹாலில் உட்காரவைத்தேன். "இப்பக் கேளு ராமாமணி, எது வேணும்னாலும் கேளு" என்றேன். அவள் கையைக் கூப்பிக்கொண்டு, "கோமளாவுக்கு இந்த வரன் அமையுங்களா?" என்று கேட்டாள். ஒயரைப் பிடுங்கியிருந்தோம், சத்தமில்லை. ஒயரை மாட்டினோம், டிக், டிக், டிக். "துடியலூர் சைட் வாங்கலாமுங்களா?" ஒயர் இல்லை, சத்தமில்லை. ஒயர் உண்டு, டிக், டிக். கடைசியாக நான், "வெங்கடபதிக்குக் கம்ப்யூட்டர் தெரியுமா?" என்று கேட்டேன். ஒயர் மாட்டித்தான் இருந்தது, ஆனாலும் அது வாயைத் திறக்கவில்லை. அப்போது கோமளா சிரித்தாள் பார், வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணி வர வர. ஒரு மாசம் கழித்துச் சிரித்தாள். உன்னை ஜெயித்தது கூட அப்புறம்தான், அந்தச் சிரிப்புதான் எனக்குப் பெரிசு.

அந்த சந்தோஷத்தில் பழைய டிஸ்க்கைக் கழட்டிப் பார்த்துவிட்டேன். திருகாணி என்னவோ நட்சத்திரம் மாதிரி இருந்தது, நம் ஒர்க்ஷாப்பில் திறக்காத திருகாணி உண்டா? உள்ளே கண்ணாடி மாதிரி பளபளவென்று தட்டு, அதில் வட்டமாக ஒரு கீறல். இந்தக் கீறலா என் மகள் கல்யாணத்தை நிறுத்தியது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். உன் அக்கா அந்தத் தட்டைக் கழுவித் துடைத்துக் குங்குமம் வைக்க எடுத்துக்கொண்டாள். தம்பிதுரையிடமும் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் வானத்தை விட்டு என்னைப் பார்த்து, "அப்ப எங்கூட்டுப் பல்லியையும் ஒருக்கா அந்த ஸ்க்ரூ டிரைவர்ல வெச்சுப் பார்த்துருங்க" என்றார். போர் போடுகிறோம்.

ஆகவே மாப்பிள்ளை, தை பிறந்ததும் நீ முதல் வேலையாக வரதராஜுலுவுக்குப் போன் போட வேண்டியது. அன்றைக்குச் சொன்னது பல்லியே இல்லை, சகுனமும் இல்லை, தடையும் இல்லை, அது ஒரு ஹார்டு டிஸ்க் என்று உனக்குத் தெரிந்த இங்கிலீஷ் வார்த்தை எல்லாம் போட்டு அவர்களுக்கு விளங்கச் சொல். சாட்சி வேண்டுமென்றால் டிஸ்க்கின் கூட்டை மைசூர்பாகு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன், சத்தியமங்கலத்துக்கே கொண்டுபோய்க் காட்டுகிறேன் என்றும் சொல். புதுசு என்று சொன்னவன் நீ, அதனால் இதைச் சொல்லும் கடமையும் உனக்குத்தான்.

உனக்கும் உன் சம்சாரத்துக்கும் குழந்தைகளுக்கும் வேங்கடாசலபதி தீர்க்காயுசும், கெடாத மெஷின்களும் கொடுக்கட்டும். உன் அக்கா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள். கோமளா நமஸ்காரம் சொல்லச் சொன்னாள். பரீத் பாயும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார், கொஞ்சம் சிரித்துக்கொண்டே.

இப்படிக்கு,
கை பழகிய பாவா,
நரசிம்மலு.

பின்குறிப்பு (16.1.97): பொங்கல் லீவில் போஸ்ட் ஆபீஸ் மூடிக் கிடந்ததால் இந்தக் கடிதம் இன்னும் என்னிடமே இருக்கிறது. மூடியது கடவுள் செயல். நேற்று மாட்டுப்பொங்கல் அன்று வரதராஜுலுவும் அந்தம்மாவும் மஞ்சள் கொத்தும் கரும்புமாகக் காரில் வந்து இறங்கினார்கள். நான் மைசூர்பாகு டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு விஷயத்தை ஆரம்பிக்க வாயைத் திறந்தேன். அதற்குள் அந்தம்மா கன்னிமூலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, "ஏனுங்க, அந்தப் பல்லி நல்லாருக்குதுங்களா?" என்று கேட்டார். அவர் போன வருஷமே பண்ணாரி அம்மன்கிட்ட வேண்டிக்கொண்டாராம், எந்த ஊட்டுல கவுளி, அதுதான் நம்ம பல்லி, சொல்லுதோ அந்த ஊட்டுலதான் சம்பந்தம் என்று. "எத்தனையோ ஊட்டுல பார்த்தமுங்க, ஒண்ணுலயும் சொல்லலைங்க. உங்கூட்டுல சொல்லுச்சுங்க. அம்மன்கிட்டச் சொல்லாம மனுசங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னுதான் தட்டைக்கூடத் தொடாம எந்திரிச்சு ஓடுனனுங்க. அப்பறம் மார்கழி பொறந்துபோச்சு" என்றார். நான் டப்பாவைச் சோபாவில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

தை கடைசி வெள்ளிக்கிழமை நம் ஹாலில் நிச்சயதார்த்தம். அந்தம்மா தன் அக்கா தங்கச்சி எல்லாரையும் கூட்டிக்கொண்டு வருகிறாராம். கவுளி சொல்லக் கேட்டுவிட்டுத்தான் வெற்றிலை பாக்கு மாற்ற வேண்டுமாம். பழைய டிஸ்க்கைத் திரும்ப மாட்டலாம் என்றால் அதன் தட்டில் உன் அக்கா அந்தம்மாவுக்கே குங்குமம் கொடுத்துவிட்டாள். எங்கே வாங்கினீர்கள் என்று வேறு கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். எதற்கும் வாயைத் திறக்காத கோமளா, "மாமாவுக்கு இன்னிக்கே எழுதுங்கப்பா" என்று பேனாவைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்திருக்கிறாள். எனவே மேலே எழுதியதை எல்லாம் படித்தவுடன் கிழித்துவிடு. நம் வீட்டில் இருப்பது பல்லிதான், எப்போதும் பல்லிதான், உனக்குக் கம்ப்யூட்டர் நன்றாகத் தெரியும். உங்கள் கம்பெனியில் கழித்துப் போட்ட ஹார்டு டிஸ்க்குகளை ஒவ்வொன்றாக மாட்டிக் காதில் வைத்துக் கேட்டு, சும்மா செத்துக் கிடப்பதாக இல்லாமல், ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி டிக் டிக் என்று சொல்வதாக ஒன்றை உடனே பார்சலில் அனுப்பு. நன்றாகக் கெட்டுப்போனதாகப் பார்த்து அனுப்பு.